மெஷின் 'கீ...ன்னு' கத்தினா புதையலா? மண்ணுக்குள்ளே காசு தேடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய சங்கதி!

கரூர்:

அமராவதி ஆற்றில் தண்ணீர் வற்றினால் போதும், சல்லடையும் கையுமாக மணலை சலிக்கும் ஆட்களை கரூர்க்காரர்கள் பல வருஷமாகவே பார்த்து வருகிறார்கள். சும்மா இல்லை. சங்க காலத்தில் சேர ராஜாக்கள் இருந்த கருவூர் இதுதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ரோம் நாட்டு செப்புக்காசு, சேரன் காசு, சோழன் காசு என்று இந்த மணலில் கிடைத்தது ஏராளம். ராஜா முகத்தோடு 'மாக்கோதை' என்று பழைய தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக்காசு இந்த ஊர் தந்ததுதான்.

இப்போது சல்லடை போய் மெஷின் வந்துவிட்டது. செல்போனைத் திறந்தால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குச்சியை ஆட்டி, அரை மணி நேரத்தில் குடம் குடமாக காசு எடுக்கும் வீடியோ. அதைப் பார்த்துவிட்டு கடன் வாங்கியாவது ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிவிடலாமா என்று நினைக்கிறவர்கள் உண்டு. வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கம்பிச்சுருள் செய்யும் வேலை

சினிமா தியேட்டர் வாசலிலும், பெரிய கோயில் வாசலிலும் போலீஸ் நம் மேல் தடவிப் பார்க்கிறதே, அதுவும் இதுவும் ஒரே சொந்தம்தான். குச்சியின் அடியில் தட்டு மாதிரி இருப்பதற்குள் செம்புக்கம்பி சுருள் இருக்கிறது. பேட்டரி மின்சாரம் அதில் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை திசை மாறி மாறி ஓடும். அதனால் தட்டைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகி மண்ணுக்குள் இறங்கும். அங்கே காசு கிடந்தால் அந்தக் காசுக்குள்ளும் சின்னதாக மின்சாரம் சுழலும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை திருப்பி அனுப்பும். தட்டில் இருக்கும் இன்னொரு சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே 'கீ...'. அவ்வளவுதான் விஷயம். மந்திரமும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை.

திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து, இது வெள்ளி செம்பு மாதிரி நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகமா, இரும்பா என்று மெஷின் ஒரு கணக்குப் போடும். சத்தத்தை மாற்றிக் காட்டும். ஆனால் இங்கேதான் சிக்கல். சின்ன தங்கக்காசு, மோதிரம் கொடுக்கிற சத்தமும், கசக்கிப் போட்ட மாத்திரை அட்டை கொடுக்கிற சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று! தங்கம் மட்டும் வேண்டும், குப்பை வேண்டாம் என்று மெஷினுக்கு சொல்ல முடியாது. குப்பையை ஒதுக்கினால் தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

நம்ம ஒரு ரூபாய் காசிலேயே சோதித்துப் பார்க்கலாம். இப்போது புழங்கும் ஸ்டீல் ஒரு ரூபாயில் காந்தத்தை வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். இந்தக் காசைக் கண்டால் மெஷினுக்கே குழப்பம்தான். பழைய வெள்ளி, செப்புக்காசில் காந்தம் ஒட்டாது.

எத்தனை அடி ஆழம்?

கடைக்காரர் 10 அடி என்பார், 50 அடி என்பார். நடப்பு வேறு. ரூபாய் அளவு காசு என்றால் சாதாரண மெஷின் அரை அடி, முக்கால் அடி ஆழத்தில் பிடிக்கும். நல்ல மெஷின், நல்ல மண் என்றால் ஒரு அடி. பெரிய தட்டு மாட்டி, அடியில் இருப்பதும் பெரிய அண்டாவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே போகும். அமராவதியில் கிடைக்கும் தேய்ந்துபோன குட்டி செப்புக்காசு சில அங்குலத்துக்குக் கீழே போனாலே மெஷின் காதில் விழாது. இரும்புச் சத்துள்ள செம்மண், கருமணல், உப்புத் தண்ணீர் ஊறிய கடற்கரை, இங்கெல்லாம் மண்ணே சத்தம் கொடுக்கும்.

பக்கத்தில் கிடக்கும் இரும்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1881-ம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் புகழ் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து எடுத்துப் போனார். பலிக்கவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் இரும்பு ஸ்பிரிங் இருந்ததும் ஒரு காரணம். டாக்டர்கள் தப்பான பக்கத்தில் தேடச் சொன்னதும் ஒரு காரணம். செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

மண்வெட்டிக்குத்தான் யோகம்

நம்ம பக்கத்தில் பெரிய பெரிய புதையல்கள் மெஷின் வைத்து கிடைத்தவை அல்ல. திருச்சி திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் 2020 பிப்ரவரியில் இடத்தை சுத்தம் செய்து தோண்டியபோது சுமார் 7 அடி ஆழத்தில் ஒரு செம்பு பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே 505 தங்கக்காசு! எடை 1 கிலோ 716 கிராம். அந்த ஆழத்தில் இருந்த பாத்திரத்தை வீடியோவில் வரும் மெஷினை வைத்துக்கொண்டு மேலே நடந்தவன் தாண்டிப் போயிருப்பான்.

புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு பானையில் 501 ரோமானிய தங்கக்காசு வந்தது. அப்போது இந்த மெஷினே கிடையாது. அதில் பெரும்பாலான காசுகளில் ராஜா முகத்தின் மேலேயே உளி வைத்து வெட்டியிருந்தார்கள். இனி காசாகப் புழங்கக்கூடாது, வெறும் தங்கமாகத்தான் மதிப்பு என்பதற்காக வெட்டினார்கள் என்கிறார்கள்.

மெஷினில் கிடைத்த பெரிய புதையல் என்றால் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். 1992-ல் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவரது நண்பர் எரிக் லாஸ் மெஷினோடு தேடப் போனார். சுத்தியலைத் தேடினால் வந்தது ரோமானிய புதையல்! தங்கமும் வெள்ளியுமாக சுமார் 15 ஆயிரம் காசு. கொஞ்சம் தோண்டியதுமே அவர் கையை எடுத்துவிட்டு அதிகாரிகளுக்கு தகவல் சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் வந்து, பெட்டிக்குள் எது எப்படி அடுக்கியிருந்தது என்று பார்த்து முறையாக எடுத்தார்கள். பரிசு 17½ லட்சம் பவுண்டு. விவசாயியும் நண்பரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது லண்டன் மியூசியத்தில்!

அதே நாட்டில் 2015-ல் லெம்ஸ்டர் பக்கம் இன்னும் இரண்டு பேர் வைக்கிங் காலத்துப் புதையல் எடுத்தார்கள். யாரிடமும் மூச்சு விடாமல் விற்கப் பார்த்தார்கள். 2019-ல் ஒருவருக்கு 10 வருஷம், இன்னொருவருக்கு 8½ வருஷம் ஜெயில். அப்பீலில்தான் கொஞ்சம் குறைந்தது.

கூடவே வரும் கும்பல்

மெஷினை விட மோசம் அதைச் சுற்றி வரும் ஆட்கள். வீட்டு வாசலில் நின்று, கையில் ஆன்டெனா மாதிரி ஒரு கம்பியை வைத்துக்கொண்டு, "உங்க நிலத்துல தங்கம் இருக்கு, கம்பி தானா திரும்புது பாருங்க" என்று காட்டுவார்கள். தூரத்தில் நின்றே தங்கத்தை மட்டும் காட்டும் கருவி என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்த மாதிரி திரும்பும் கம்பியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசாங்கத்துக்கே விற்றவர் இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டு சாமானை மாதிரியாக வைத்து செய்தது அது. 2013-ல் அவருக்கு 10 வருஷம் தண்டனை. அரசாங்கத்தையே ஏமாற்றியவர்களுக்கு கூலிக்காரன் எம்மாத்திரம்?

இன்னொரு கும்பல், "கட்டடம் தோண்டும்போது கிடைச்சது, வெளியில சொல்லாதீங்க" என்று ஒரே ஒரு நல்ல தங்கக்காசைக் கொடுக்கும். நகைக்கடையில் உரசிப் பார்த்தால் அசல் தங்கம். மீதி மூட்டையை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினால் எல்லாம் பித்தளை. வாங்கினவன் போலீசுக்கும் போக பயப்படுவான். அந்த பயம்தான் அவர்கள் முதலீடே. அரிசியை இழுக்கும் கலசம், புதையலுக்கு பூஜை என்பதெல்லாம் இதே குடும்பம்.

10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டர்

சரி, மெஷினோ கடப்பாரையோ, நிஜமாகவே கிடைத்துவிட்டது. என்ன செய்வது? வெள்ளைக்காரன் காலத்து 1878-ம் வருஷ புதையல் சட்டம்தான் இதற்கு அடிப்படை. மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்து 10 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு டீக்குக்கூட பத்தாது, ஆனாலும் சட்டத்தில் அந்த 10 அப்படியே நிற்கிறது. சொல்லாமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். பங்கும் போச்சு.

பங்கா என்று கேட்பீர்கள். ஆமாம், பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். விசாரணை நடந்து, புதையலுக்கு உரிமைக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில சொந்தக்காரருக்கு கால் பங்கு என்று அந்த சட்டம் சொல்கிறது. இரண்டு பேருக்கும் முன்பே ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வாய்க்கால் வெட்டும்போது பானை உடைத்த கூலித்தொழிலாளி பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக வியாபாரியிடம் கிராம் கணக்கில் தள்ளிவிடுகிறார். லாபம் வியாபாரிக்கு, கேஸ் தொழிலாளிக்கு.

தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில், கோட்டை, மேடு பக்கம் மட்டும் மெஷினோடு போகவே போகாதீர்கள். அங்கே அனுமதி இல்லாமல் தோண்டுவதே குற்றம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1972-ம் வருஷ சட்டம் தனியாகப் பாயும்.

கிடைத்த காசை புளி போட்டு, சாம்பல் போட்டு தேய்க்கக் கூடாது. ஆசிட் பக்கமே போகக் கூடாது. 'மாக்கோதை' என்ற எழுத்து தேய்ந்துவிட்டால் மிச்சம் வெறும் வெள்ளித் துண்டு. மேலே கொண்டு வந்த மண்ணோடு அப்படியே ஒரு துணியில் வைத்து, குழியை மேற்கொண்டு கிளறாமல், வி.ஏ.ஓ.வுக்கோ தாசில்தாருக்கோ உடனே சொல்லிவிடுங்கள். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் என்ன பொருள், எத்தனை, எந்த இடம், என்றைக்கு கிடைத்தது, இவை இருந்தால் போதும். மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, வாங்கிக்கொண்டதாக அதில் ஆபீஸ் முத்திரை போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு பங்கு கேட்கும்போது அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.