கப்பல் டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? உஷார்!

எலுமிச்சைக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் என்றால் புளியங்குடியில் அது முதலில் நகைக்கடைக்காரருக்குத் தெரியும். அப்புறம் பைக் ஷோரூம்காரருக்கு. இப்போது மூன்றாவதாக ஒருத்தர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்: டூர் ஏஜென்ட்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். பத்துப் பதினோரு மாடி வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் நீச்சல் குளம், "சொகுசுக் கப்பலில் 3 இரவு 4 பகல், சாப்பாடு முற்றிலும் இலவசம், இன்னும் 6 ரூம் மட்டுமே!" போன மாதமும் அதே 6 ரூம்தான் மிச்சம் இருந்தது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அதன் தலையில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. படத்தைப் பெரிசாக்கித் தேடினாலும் அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம் கிடைக்காது. இங்கே எழுதுவதெல்லாம் அந்த விளக்கம்தான்.

போகவே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நடுக்கடலில் நாலு பக்கமும் கரை தெரியாமல் விடியும் ஒரு காலை, காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கரையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளிருக்காது. ஏஜென்ட் இங்கேயே நின்றுகொள்வார்.

முதல் ஆபத்து கப்பலுக்கு வெகு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. ஜவுளிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு கூப்பனில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டிருப்பீர்கள். பத்து நாள் கழித்து போன் வரும்.

"அண்ணாச்சி, உங்க குடும்பத்துக்கு ஃப்ரீ குரூஸ் விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை திருநெல்வேலியில ஓட்டலுக்கு வந்து கிஃப்ட் வாங்கிக்கிடுங்க. அக்காவையும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்."

அக்காவை ஏன் கூட்டி வரச் சொல்கிறார்கள்? "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்று நீங்கள் நழுவக் கூடாது என்பதற்காக. குளிரூட்டிய ஹாலில் உட்கார வைத்து, காபி கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் பேசி, லட்சக்கணக்கில் "ஹாலிடே கிளப்" மெம்பர்ஷிப்பை உங்கள் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். இலவசக் கப்பலுக்கான கூப்பனும் தருவார்கள். அதில் விமானக் கட்டணம் சேராது, வரி சேராது, நீங்கள் கேட்கும் தேதியில் இடம் இருக்காது. ஃப்ரீ என்ற சொல் காதில் விழுந்த உடனே போனை வைத்துவிடுவது உத்தமம்.

அடுத்தது டூர் சீட்டு. மாதம் இவ்வளவு கட்டினால் ரெண்டு வருஷத்தில் சிங்கப்பூர் கப்பல் என்பார்கள். சீட்டு நடத்துபவர் 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கேளுங்கள். "நம்ம பையன்தான், நம்பிக்கை" என்பது பதிவு எண் ஆகாது.

உள்ளூர் ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அவருடைய சொந்த ஜி-பே நம்பருக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பாதீர்கள். முன்பதிவு எண் வந்ததும், கப்பல் கம்பெனியின் வாடிக்கையாளர் நம்பரை நீங்களாகத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, அந்த எண்ணில் உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

கப்பல் கம்பெனியே பெரிசு, அது எங்கே ஓடிப்போகும் என்று நினைக்கிறவர்களுக்கு நம்ம கடற்கரையிலேயே பாடம் இருக்கிறது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார்கள். வ.உ.சி. கப்பல் விட்ட ஊர் என்று மேடையில் பெருமை பேசாத ஆளில்லை. அந்த நவம்பரிலேயே ஓட்டம் நின்றுபோனது. 2019-இல் மும்பையில் 'ஜலேஷ்' என்ற பெயரில் இந்தியாவின் சொந்தச் சொகுசுக் கப்பல் கம்பெனி தடபுடலாக ஆரம்பித்தது. கொரோனா வந்தது, 2020 அக்டோபரில் கம்பெனிக்கு மூடுவிழா. அடுத்த மாதமே அதன் கப்பல் 'கர்ணிகா' உடைப்புக்காகக் குஜராத்தின் அலங் கடற்கரைக்குப் போய்விட்டது. வருஷக் கடைசிக்கு டிக்கெட் போட்டவர் தன் பணத்தை யாரிடம் கேட்பார்? ஒரு வருஷம் தள்ளி வரும் பயணத்துக்கு இன்றைக்கே முழுப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கப்பலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி நன்றாக நடந்தாலும், சொன்ன ஊருக்குக் கப்பல் போகும் என்பது நிச்சயமில்லை. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் 'கோர்டீலியா' கம்பெனியின் 'எம்பிரஸ்' கப்பலைத் தொடங்கி வைத்தார். அதே மாதம் அது புதுச்சேரிக்கு வந்தபோது, கப்பலில் கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. ஊர் பார்க்க வந்தவர்கள் கப்பலிலிருந்தபடியே கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இதற்குப் பணம் திரும்ப வருமா? பெரும்பாலான கம்பெனிகளின் பயண ஒப்பந்தத்தில் "வழித்தடத்தை மாற்றவும் துறைமுகத்தைத் தவிர்க்கவும் கப்பலுக்கு உரிமை உண்டு" என்ற வரி இருக்கும். இறங்காத துறைமுகத்துக்கான வரியைத் திருப்பித் தந்தாலே அதிர்ஷ்டம்.

இப்போது அந்த நட்சத்திரத்துக்கு வருவோம். விளம்பரத் தொகை பெரும்பாலும் ஜன்னலே இல்லாத உள் அறைக்கானது. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு ஆகும் தொகை. ஜி.எஸ்.டி., துறைமுகக் கட்டணம் தனி. வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு அது போனது போனதுதான். கடைசியில் டிப்ஸ். நம்ம ஊரில் விருப்பப்பட்டால் வைப்பது. கப்பலில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பில்லில் தானாக ஏறும். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் அது 15 முதல் 20 டாலர். 16 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் நாலு பேர் குடும்பத்துக்கு நாலு ராத்திரிக்கு 256 டாலர். நம்ம பணத்தில் இருபதாயிரத்துக்கு மேலே. பச்சைக் குழந்தைக்கும் சேர்த்துப் போடும் கம்பெனிகள் உண்டு.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஒரு கார்டு தருவார்கள். அறைக் கதவுக்கு அதுதான் சாவி, கடைக்கு அதுதான் மணிபர்ஸ். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கடை, வீடியோ கேம் என்று தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். பணம் போவது கண்ணுக்கே தெரியாது, கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் பில் வரும்வரை. பிள்ளைகள் கார்டில் செலவு வசதியை முதல் நாளே வரவேற்பு மேஜையில் அடைத்துவிடுங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனதும் கேசினோவைத் திறப்பார்கள். சித்தப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது உங்கள் சாமர்த்தியம்.

போன் இன்னொரு பொறி. கரை மறைந்ததும் டவர் போய்விடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சிக்னல் வரும். "ஆஹா, நடுக்கடல்லயும் எடுக்குதே" என்று மகளுக்கு வீடியோ கால் போட்டால் தீர்ந்தது. அது செயற்கைக்கோள் வழியாக ஓடும் கப்பலின் சொந்த டவர். சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்காது. கப்பலுக்கென்று தனிப் பேக் போடாவிட்டால் கட்டணம் தலையைச் சுற்றவைக்கும். ஏறிய உடனே ஃபிளைட் மோட். வைஃபை வேண்டுமென்றால் விலை கேட்டு வாங்குங்கள்.

விசா விஷயத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் சறுக்கும் இடம் ஒன்று. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்விட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. ஒரே ஒரு தடவை நுழைய மட்டும் விசா இருந்தால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பல கம்பெனிகள் ஏற்றுவதில்லை.

நமக்கு ரயில் என்றால் சங்கரன்கோவிலுக்குத்தான் போக வேண்டும். பொதிகையைப் பிடித்துக் காலையில் எழும்பூரில் இறங்கி அன்றைக்கே கப்பல் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. புறப்படும் நேரம் வேறு, ஏறும் வாசல் மூடும் நேரம் வேறு. முந்தின நாளே போய்த் தங்குங்கள். இடையில் இறங்கும் ஊர்களிலும் அதே கதைதான். கப்பல் டூரில் போனால் தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பு. நீங்களாக ஆட்டோ பிடித்துச் சுற்றி நேரம் தவறினால், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் பறந்து போய்ப் பிடிக்க வேண்டியதுதான்.

மூட்டை கட்டுவதிலும் உஷார். இஸ்திரிப் பெட்டி, எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் ஏற்ற மாட்டார்கள். கப்பலில் தீ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். வீட்டில் கட்டிய புளியோதரையும் பாட்டி போட்ட எலுமிச்சை ஊறுகாயும் வாசலிலேயே நின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கை. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயில் கிடந்த மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றினார். ஒரு காலத்தில் கப்பல்காரர்களைக் காப்பாற்றிய பழம், இன்றைக்குப் புளியங்குடிக்காரர் பையிலிருந்து எடுத்து வெளியே வைக்கப்படுகிறது! பஸ்ஸில் குமட்டினால் எலுமிச்சையை மோந்து சமாளிக்கிற பழக்கத்தை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் குறைவாகத் தெரிவது கீழ்த்தளத்தின் நடுப்பகுதி அறைகளில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடா புயல் பிறக்கும் இடம். அந்த மாதங்களில் விலை இறங்கினால், ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். துறைமுக வாசலில் வாங்கிக்கொள்ளும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயந்திரம்கூட ஆகலாம். கப்பல் டாக்டருக்கு ஃபீஸ் உண்டு, அதுவும் வெளிநாட்டு ரேட்டில். முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே வெறும் அட்டை. கப்பல் பயணத்தையும் அவசர மீட்பையும் சேர்த்துக் காக்கும் பயணக் காப்பீடு இல்லாமல் ஏறவே கூடாது. சாப்பாட்டு ஹாலில் சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் சானிடைசருக்கு லேசில் சாகாது. கொரோனா ஆரம்பத்தில் யோகோஹாமாவில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' நினைவிருக்கிறதா? 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. ஜன்னலில்லாத மலிவு அறைக்காரர்கள் இரண்டு வாரம் பெரும்பாலும் அந்த நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

கடைசியாக, எதை விட்டாலும் விடக் கூடாதது ஒன்று. ஏறிய உடனே ஆபத்துக்கால ஒத்திகைக்குக் கூப்பிடுவார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில் பஃபேயில் தட்டோடு நிற்பார்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றைக்குத்தான் ஏறியிருந்த பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 32 உயிர் போயிற்று. அதில் நம் நாட்டு ஊழியர் ஒருவரும் உண்டு. அதற்கப்புறம்தான் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை கட்டாயம் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

குற்றாலத்தில் அருவித் தண்ணீர் நிறம் மாறினாலே ஓட வேண்டும் என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடல் நமக்கு அப்படிப் பழக்கமில்லை; அதன் எச்சரிக்கை என்ன என்பதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒத்திகையில் சொல்வது அதைத்தான். உங்கள் கூடும் இடம் எது, லைஃப் ஜாக்கெட் எங்கே, ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, வீட்டுக் கிழவி முதல் பேரன் வரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். பால்கனி அறை எடுத்தால் கம்பிமேல் ஏறி செல்ஃபி எடுக்கும் பேச்சே கூடாது. 2023 ஜூலை 31 அன்று பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து இந்தியப் பெண் ஒருவர் கடலில் விழுந்தார். உயிரோடு மீட்க முடியவில்லை.

ஏற்கெனவே பணத்தைக் கட்டிவிட்டு ஏஜென்ட் போனை எடுக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆன்லைனில் ஏமாந்திருந்தால் இந்த நிமிஷமே 1930-க்குப் போன் போடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். சேவைக் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, அந்த நட்சத்திரம் போட்ட விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். கம்பெனி மும்பையில் இருக்கிறதே என்று மலைக்கவும் வேண்டாம். 2019-ஆம் வருஷ நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊர் எந்த மாவட்ட ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருஷம்.