இழுவண்டியும் முன்பாரமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருந்தெருக்களில் விடுமுறைக் காலங்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பெரிய மோட்டார் வண்டியொன்று முன்னே செல்ல, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அமைந்த வீடொன்று அதன் பின்னே உருண்டு செல்லும். இவ்விழுவண்டியின் நிறை 7,000 இறாத்தலுக்கு மேற்படுவதும் உண்டு. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த செவ்ரொலே சபேர்பனின் வழிவந்தனவும் அவற்றை ஒத்தனவுமாகிய பெருவண்டிகள் இதனை இழுப்பதற்கு விரும்பப்படுகின்றன. இயந்திரத்தின் வலுவைக் கண்டு, வேறொன்றும் வேண்டியதில்லை என்று வாங்குவோர் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் இழுத்தல் வேறு, தாங்குதல் வேறு, அடக்குதல் வேறு.

மாட்டு வண்டியிற் பாரமேற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்பவற்றை நன்கறிவர். அச்சுக்கு முன்னே பாரம் மிகின் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகின் நுகம் மேலெழும். இழுவண்டியின் நிலையும் இதுவே. அதன் முன்முனை, மோட்டார் வண்டியின் பின்புறத்துள்ள உருக்குக் குண்டொன்றின்மேல் அமர்கின்றது. இழுவண்டியின் மொத்த நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு அக்குண்டை அழுத்தல் வேண்டும் என்பது அங்கு வழங்கும் விதி. இம்முன்பாரம் குறைந்து, புவியீர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னே செல்லுமாயின், பக்கத்தே விரைந்து செல்லும் ஒரு லொறியின் காற்றே இழுவண்டியை அசைக்கப் போதும். குறித்த வேகத்துக்கு மேல் அவ்வசைவு தானே தணியாது. ஒவ்வோர் ஊசலும் முன்னையதினும் பெரிதாகி, ஈற்றில் முன்வண்டியையும் உடன் திருப்பிவிடும். ஓடும் பட்டியொன்றின்மேல் சிறு மாதிரி வண்டிகளை வைத்து இதனைக் காட்டுவதுண்டு. நிறைக்கட்டியை முன்னே வைத்தால் மாதிரி நேராக ஓடும். அதே கட்டியைப் பின்னே மாற்றினால் ஒருமுறை தட்டிய அளவிற் புரண்டுவிடும்.

ஆயின், முன்பாரத்தைச் சுமப்பது எது? முன்வண்டியே. அதன் முன் பின் அச்சுக்களுக்கிடையே 11 அடியும், பின்னச்சுக்கும் குண்டுக்குமிடையே 5 அடியும் உள்ளன எனவும், இழுவண்டியின் நிறை 7,500 இறாத்தல், முன்பாரம் 900 இறாத்தல் எனவும் கொள்க. நெம்புகோல் விதிப்படி முன்னச்சிலிருந்து ஏறத்தாழ 400 இறாத்தல் நீங்கும். பின்னச்சு 1,300 இறாத்தலை மேலதிகமாக ஏற்கும். திசைதிருப்பும் முன்சில்லுகள் தரையைப் பற்றும் வலுவை இழக்கும். இதனைத் திருத்தும் பொருட்டு, வில்லுக்கோல்கள் பூட்டிய இணைப்பொன்றைப் பயன்படுத்துவர். அக்கோல்கள் வளைந்து மீளும் விசையினால் பாரத்தின் ஒரு பகுதி முன்னச்சுக்கும், ஒரு பகுதி இழுவண்டியின் அச்சுக்களுக்கும் பகிரப்படுகின்றது.

பகிர்ந்தாலும் கணக்கு முடிந்துவிடவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவுநிலையில், ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்படலாகாது என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அவ்வெல்லை 1,600 இறாத்தல் எனின், முன்பாரம் 900, இணைப்பின் நிறை 100 போக, எஞ்சுவது 600. தலைக்கு 150 இறாத்தலாக ஐவர் ஏறினால் அதுவும் கடந்துவிடும்; நாய்க்கும் பெட்டிக்கும் இடமேது! விளம்பரத்தில் 8,000 இறாத்தல் இழுக்குமென்று கூறப்பட்ட வண்டி, 7,500 இறாத்தலுக்கே எல்லை மீறுவது இவ்வாறுதான். விளம்பரம் பொய்யுமன்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தார் வகுத்த அளவுமுறை, ஓட்டுநரையும் துணைவர் ஒருவரையும் மாத்திரமே வண்டியில் ஏற்றிக் கணிக்கின்றது. அரிசோனாவில் டேவிஸ் அணையருகேயுள்ள நீண்ட ஏற்றத்தைக் குறித்த வேகம் குன்றாது ஏறுதலும் அம்முறையிலுள்ள சோதனைகளுள் ஒன்று. குடும்பத்தை அச்சோதனை அறியாது.

அடக்குதற்கு, இழுவண்டியின் சில்லுகளிலும் மின்னால் இயங்கும் பிறேக்குகள் உள. ஓட்டுநர் அருகிலுள்ள கருவி அவற்றை முன்வண்டியோடு ஒத்தியங்கச் செய்யும். அதிலுள்ள கைவிசை அவற்றைத் தனியாகவும் இயக்கும். இழுவண்டி ஊசலாடத் தொடங்கினால், ஆர்முடுக்கியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேரே பிடித்துக்கொண்டு, அக்கைவிசையை மாத்திரம் இயக்குதல் வேண்டும். ஊசலுக்கு எதிராகச் சுக்கானைத் திருப்புவோரும், முன்வண்டியின் பிறேக்கை முழுவதும் மிதிப்போரும் ஊசலைப் பெருக்குவர். நீண்ட இறக்கங்களில் தாழ்ந்த கியரிற் செல்லாவிடின் பிறேக்குகள் சூடேறி வலுவிழக்கும். வேகம் மணிக்கு 50 மைலிலிருந்து 70 மைலாயின் இயக்கசத்தி ஏறக்குறைய இருமடங்காகும். கலிபோர்ணியா மாநிலச் சட்டம் இழுவண்டியுடன் செல்வோரை 55 மைலுக்கு மேற் செல்ல விடாமைக்கு இவ்வியல்பு தக்க நியாயமாகும்.

பலர் மறப்பது தண்ணீரை. ஓர் அமெரிக்கக் கலன் நீர் 8 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டது. 40 கலன் கொள்ளும் தொட்டி அச்சுக்குப் பின்னே அமைந்திருப்பின், அது நிறையும்போது முன்பாரம் குறையும். ஆகவே பிரயாணத்துக்குரிய அனைத்தையும் ஏற்றி, ஆட்களும் அமர்ந்த பின்னரே பெருந்தெரு ஓரங்களிலுள்ள லொறி நிறுக்கும் தளங்களில் நிறுத்தல் வேண்டும். முதலில் முன்வண்டியைத் தனியே நிறுத்து, பின் இழுவண்டியை வில்லுக்கோல்கள் இன்றிப் பூட்டி நிறுத்து, ஈற்றிற் கோல்களையும் மாட்டி நிறுத்தால், முன்னச்சு இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.