உப்பு, வறட்சி தாங்கும் மரபணு மாற்றுப் பயிர்கள்

உப்பு, வறட்சி தாங்கும் மரபணு மாற்றுப் பயிர்கள் என்பவை, உவர் நிலத்திலும் நீர்ப் பற்றாக்குறையிலும் தாக்குப்பிடிப்பதற்காக மரபணுப் பொறியியல் முறையில் உருவாக்கப்பட்ட பயிர்கள் ஆகும். தமிழ்நாட்டில் இவ்வாய்வு சென்னை தரமணியில் 1988இல் நிறுவப்பட்ட எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் குறிப்பிடத்தக்க அளவில் நடைபெற்றுள்ளது.

இதன் தேவையைத் திருவள்ளூர் மாவட்டத்தில் காணலாம். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் ஆரணியாறு, கொசத்தலையாறு படுகைகளின் நிலத்தடி நீர் பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் சென்னைக் குடிநீருக்கும் மிகுதியாக இறைக்கப்பட்டதால், கடல்நீர் உட்புகுந்தது. இது 1960களின் பிற்பகுதியிலிருந்தே அறியப்பட்டதாகும். வடக்கே கும்மிடிப்பூண்டி வட்டம் பழவேற்காடு ஏரியின் உவர்நீரை ஒட்டியுள்ளது. நெல்லோ உப்பை எளிதில் தாங்காத பயிர். மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினாலே அதன் விளைச்சல் குறையத் தொடங்கும்.

உப்பு தாக்கும் விதம்

உப்பு பயிரை இரு வகையில் தாக்குகிறது. முதலில், மண்நீரில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஈரம் இருந்தும் பயிர் வறட்சியில் நிற்பது போலாகும். உப்பும் வறட்சியும் சேர்த்தே ஆராயப்படுவதற்கு இதுவே காரணம். அடுத்து, சோடியம் இலையில் சேர்ந்து பொட்டாசியத்தின் வேலையைக் கெடுக்கிறது. இவ்விரு நிலைகளிலும் உயிரணுக்களில் தீங்கான ஆக்சிசன் வடிவங்கள் பெருகிப் படலங்களைச் சிதைக்கின்றன.

அலையாத்தியிலிருந்து நெல்லுக்கு

பிச்சாவரம் சதுப்பு நிலத்தில் மிகுந்து காணப்படும் வெண்கண்டல், கடல்நீரிலேயே வளர்ந்து, மிகுதியான உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றும் மரமாகும். அதன் இலைமேல் உப்புப் படிகங்களை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அசய் பரிடா தலைமையிலான குழு இம்மரத்திலிருந்து, தீங்கான ஆக்சிசனை அகற்றும் சூப்பராக்சைடு டிசுமியூட்டேசு நொதிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்து, பூசா பாசுமதி 1 நெல்லில் புகுத்தியது. 2008இல் வெளியான முடிவின்படி, மண்ணின்றி நீரில் வளர்த்த மரபணு மாற்று நாற்றுகள் 150 மில்லிமோலார் உப்புக் கரைசலை 8 நாட்கள் தாங்கின. மாற்றப்படாத நாற்றுகள் வாடின. இது லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உள்ளது. சீமைக் கருவேலத்தின் மரபணு ஒன்றையும் இந்நிறுவனம் புகையிலையில் சோதித்துள்ளது. தமிழ்நாட்டில் பலராலும் வெறுக்கப்படும் இம்மரம், வறட்சியைத் தாங்கும் திறனால் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

வயலுக்கு வராமை

எட்டு நாள் சோதனையையும் நான்கு மாத வயல் வாழ்க்கையையும் ஒன்றாகக் கருதலாகாது. உப்பு தாங்கும் பண்பு பல மரபணுக்களின் கூட்டு விளைவு. மேலும் நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்புக்கு எளிதில் ஆட்படுகிறது. ஒன்றில் தப்பியது மற்றொன்றில் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. ஒப்புதல் நடைமுறையும் நீண்டது. இந்தியாவில் வணிகமுறையில் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர், 2002இல் ஒப்புதல் பெற்ற பிடி பருத்தி மட்டுமே.

மரபணுத் திருத்தம்

அயல் மரபணுவைப் புகுத்தாமல், உள்ளதையே திருத்தும் முறை இப்போது முன்னணிக்கு வந்துள்ளது. அயல் மரபணு எஞ்சியிராத சில வகைத் திருத்தங்களுக்கு இந்திய அரசு 2022இல் விதிவிலக்கு அளித்தது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட பூசா டிஎசுடி நெல் 1 இவ்வகையது. எம்டியு 1010 நெல்லில், இலைத்துளைகள் மூடுவதைத் தடுக்கும் மரபணு இதில் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது. இதனால் நீரிழப்பு குறைகிறது.

வரம்புகள்

உவர் நிலமும் களர் நிலமும் வேறானவை. களரில் சோடியம் மண்துகள்களிலேயே ஒட்டியிருக்கும். அதற்கு சிப்சம் இடுவது வழக்கம். வழக்கமான இனப்பெருக்க முறையில் உருவான திருச்சி 1, திருச்சி 3 நெல் வகைகளும் களருக்கு உள்ளன. ஆலைப் பகுதிகளில் கழிவுநீர் கலந்த மண்ணில் குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் இருப்பின், உப்பு தாங்கும் பயிர் அங்கு வளர்ந்தாலும் அதன் தானியத்தில் அவை சேரக்கூடும்.