இன்னொரு முறை

பாகான் டத்தோ பக்கம் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, பந்தக்காலுக்கு அருகில் பாய் விரித்துக் குருத்தோலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். தென்னைக்குப் பெயர்போன ஊர், ஓலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பின்னும் கைகளுக்குத்தான்.

ஓலையை மடித்து, கத்தியால் கீறி, நுனியை நுழைத்து இழுத்தால் ஒரு குருவி. மறுபடி மடி, கீறு, நுழை. பந்தல் முழுக்கக் கட்ட இதையே நூறு தடவைக்கு மேல் செய்யவேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கும் நமக்குச் சலித்துவிடும், அவர்களோ ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓலையைப் பார்க்காமல் பின்னுகிறார்கள். ஆனால் எண்ணிக்கை தவறாது. மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி, தலை மேல்நோக்கி. துக்கவீட்டுக்கு மூன்று, தலை கீழ்நோக்கி. ஒரு மடிப்பு குறைந்தால் கல்யாண வீடு வேறு வீடாகிவிடும்.

வானொலியில் முப்பது விநாடி விளம்பரத்துக்கே 'இன்னொரு டேக்' கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் ஐந்தாறு முறை சொன்ன பிறகுதான் வாய் காகிதத்தை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கும்.

இந்த 'இன்னொரு டேக்'கை வைத்தே ஒரு முழுப் படம் எடுத்தவர் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி. 1994இல் வந்த அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் 'ஒலிவ மரங்களின் ஊடே' எனலாம். 1990 நிலநடுக்கத்தில் சிதைந்த வட ஈரானியக் கிராமத்தில் படப்பிடிப்பு நடக்கிறது. புதுமணத் தம்பதியாக நடிப்பவர்களில் ஹுசைன் ஒரு கொத்தனார். நிஜத்தில் அவன் பெண்கேட்டு மறுக்கப்பட்டவள்தான் எதிரே நடிக்கும் தாஹிரே.

நிலநடுக்கத்தில் உறவினர் அறுபத்தைந்து பேரை இழந்ததாக அவன் சொல்லவேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் இருபத்தைந்து என்கிறான். அவன் உண்மையில் இழந்தது அத்தனை பேரைத்தான். தாஹிரேயோ அவன் பெயரை மரியாதையோடு சேர்த்துச் சொல்ல மறுக்கிறாள். மறுபடி எடுக்கிறார்கள், மறுபடியும் அதே. வேறு இயக்குநராக இருந்தால் சரியாக வந்த ஒன்றை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்திருப்பார். கியாரோஸ்தமி வராதவற்றையும் வரிசையாகக் காட்டுகிறார். மூன்றாவது தடவைக்குள் நமக்குக் கதை பிடிபடுகிறது. ஒருவன் செத்தவர்களின் கணக்கை மாற்றிச் சொல்ல முடியாமல் தவிக்கிறான், ஒருத்தி தன் 'முடியாது' என்பதை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாள். ஒரே டேக்கில் முடித்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. (வேகமான படம் வேண்டுவோருக்கு இது பொறுமையைச் சோதிக்கும், சொல்லிவிட்டேன்.)

கடைகளில் பிளாஸ்டிக் தோரணம் சுருட்டி விற்கிறார்கள். அழகாகவே இருக்கிறது, பல வருடம் கெடாது. ஒருமுறை வாங்கினால் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் உட்கார்ந்து பின்னவேண்டாம். அப்படியே, பின்னுபவர் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரும் அந்த மாலையும் போய்விடும். தோரணம் பின்ன அதைவிட்டால் வேறு பள்ளிக்கூடம் நம்மிடம் இல்லை.

அடுத்த விசேஷத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் பத்து ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். பத்தும் கோணலாகத்தான் வரும். அவற்றைப் பின்வாசலில் கட்டிக்கொள்ளலாம்.