இடுப்பில் ஒரு கத்தி, அதற்குள் ஒரு பேனா!

மாணவச் செல்வங்களே, முதலில் ஒரு விடுகதை. மடக்கினால் ஒன்று, விரித்தால் இரண்டு. ஒரு முனை வெட்டும், மறு முனை எழுதும். மை ஊற்ற வேண்டாம், ரீஃபில் மாற்ற வேண்டாம். அது என்ன?

'சுவிஸ் கத்தி!' என்று யாரோ முந்திக்கொண்டு சொல்வது காதில் விழுகிறது. இல்லை. இது நம் ஊர்ச் சரக்கு. இதன் பெயர் மடக்கெழுத்தாணி. உங்கள் தாத்தாவின் தாத்தா படித்தவராக இருந்தால், அவர் இடுப்பில் ஒருவேளை இது இருந்திருக்கும்.

நான் இருக்கும் பொம்மையார்பாளையம், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மயிலம் முருகன் கோயிலோடு தொடர்புடைய பொம்மபுர ஆதீனத்துக்குப் பெயர் தந்த ஊர் இது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனையும் முந்திரியும். கடலுக்குப் போகிறவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் கத்தி இன்னொரு கை மாதிரி. வலை சிக்கிக்கொண்டால் முடிச்சை அறுக்க வேண்டும். தூண்டில் நரம்பை வெட்ட வேண்டும். ஆடுகிற படகில் நின்றுகொண்டு, 'கத்தியை வீட்டில் வைத்துவிட்டேன்' என்று சொல்ல முடியுமா? பனையேறிகளின் கதையும் அப்படித்தான். பாளை சீவும் அரிவாளை ஒரு பெட்டிக்குள் செருகி, இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். இரண்டு கையும் மரத்தைப் பிடிக்க வேண்டுமே!

இவர்களைப் போலவே இடுப்பில் கத்தி வைத்திருந்த இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் மரம் ஏறவில்லை, மீன் பிடிக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார், கணக்குப்பிள்ளை, புலவர் ஆகியோர்தான் அந்தக் கூட்டம்! எழுதுகிறவருக்குக் கத்தி எதற்கு என்கிறீர்களா? காகிதம் பரவாத காலத்தில் நோட்டுப் புத்தகம் பனை மரத்தில் அல்லவா இருந்தது!

ஓலையை அப்படியே எடுத்து எழுதிவிட முடியாது. நடுவில் இருக்கும் ஈர்க்கை நீக்க வேண்டும். ஒரே நீளம், ஒரே அகலம் வரும்படி ஓரங்களை நறுக்க வேண்டும். வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். துளையிட்டு, கயிறு கோத்துக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் சின்னதாக, கூர்மையாக ஒரு கத்தி தேவை. அதன் பிறகு எழுத இரும்பாலான எழுத்தாணி தேவை. இரண்டையும் தனித்தனியாகச் சுமப்பானேன் என்று நினைத்த யாரோ ஒரு கொல்லர், இரண்டையும் ஒரே பிடிக்குள் அடக்கிவிட்டார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கலாம்!

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரை (1855-1942) உங்களுக்குத் தெரியும். சங்க இலக்கிய ஏடுகளை ஊர் ஊராகத் தேடி அச்சில் கொண்டுவந்தவர். சின்ன வயதில் ஓலையில் எழுதிப் பழகியவர் அவர். 'என் சரித்திரம்' என்ற தம் வாழ்க்கை வரலாற்றில் எழுத்தாணி வகைகளைச் சொல்லியிருக்கிறார். குண்டெழுத்தாணிக்குத் தலைப்பக்கம் கனமாக இருக்கும். வாரெழுத்தாணியை ஓலை உறையில் செருகி வைப்பார்கள். மூன்றாவதுதான் நம் கதாநாயகன் மடக்கெழுத்தாணி. மரம், மாட்டுக் கொம்பு, தந்தம் ஆகியவற்றில் ஒன்றால் செய்த பிடிக்குள் அது மடங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கத்தியும் மறு பக்கம் எழுத்தாணியுமாக அமைந்தவையும் உண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். கூர் வெளியே நீட்டாததால் இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் விட்டு ஊர் நடக்கலாம், குத்தாது.

மதுரையில் எழுத்தாணிக்காரத் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

சரி, எப்படி எழுதினார்கள்? மேசை கிடையாது. ஓலையை இடது கையில் பிடித்து, எழுத்தாணியை வலது கையில் பிடித்து, அதன் முனையை இடது கட்டைவிரல் நகத்தோடு சேர்த்து வைப்பார்கள். அது சறுக்காமல் இருக்க, நகத்தில் ஒரு சின்ன வெட்டுக்கூட வைத்துக்கொள்வதுண்டு. நாம் காகிதத்தின் மேல் பேனாவை ஓட்டுகிறோம். அவர்கள் எழுத்தாணிக்கு அடியில் ஓலையை நகர்த்துவார்கள். எழுத எழுத ஓலை இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் இப்படித்தான் ஓலையில் எழுதினார்கள். நான் 'டிக்டேஷன்' போடும்போது, 'சார், மெதுவா சார்' என்று கெஞ்சிய பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!

ஓலையில் கீறினால் எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. அதனால் மஞ்சள், ஊமத்தை இலைச் சாறு, கரி எல்லாம் சேர்த்து மேலே தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும், எழுத்து பளிச்சென்று வரும். இன்னொரு சங்கதி. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்ற பயம்தான் காரணம் என்பார்கள். உ.வே.சா. போன்றவர்கள் ஒரு சொல் என்னவென்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இந்தக் காணாமல் போன புள்ளிகளும் ஒரு காரணம்.

மடக்குக் கத்தி நமக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரியா நாட்டின் ஹால்ஸ்டாட் என்ற ஊரில் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புப் பிடி மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் வாத்து இறகால் எழுதிய காலத்தில், இறகின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதைச் சீவுவதற்கென்றே ஒரு குட்டிக் கத்தி வைத்திருந்தார்கள். நாம் கடையில் 'பேனாக் கத்தி' என்று கேட்கிறோமே, அந்தப் பெயர் வந்த வழி இதுதான். லத்தீன் மொழியில் 'பென்னா' என்றால் இறகு! ஆக, அங்கேயும் கத்தியும் பேனாவும் கூட்டாளிகள்தான். ஆனால், அங்கே கத்தி வேறு, பேனா வேறு. இங்கே இரண்டும் ஒரே பிடிக்குள் குடித்தனம் நடத்தின.

விடுகதைக்கு விடை சொன்னவருக்காகச் சுவிஸ் கத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்து படைவீரர்களுக்குத் துப்பாக்கியைக் கழற்றவும் உணவு டப்பாவைத் திறக்கவும் ஒரு கருவி தேவைப்பட்டது. கார்ல் எல்செனர் என்ற கத்தி செய்பவர் 1891-இல் அதைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். பிற்பாடு தம் தாயார் விக்டோரியாவின் பெயரையே தொழிலுக்கும் வைத்தார். ஜப்பானில் 'ஹிகோனோகாமி' என்ற மடக்குக் கத்தி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியதே அதில்தான். நாங்கள் அரை பிளேடில் சீவினோம், விரலையும் சேர்த்து!

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் கர்நாடகாவின் குடகு மலையில் கொடவர்கள் திருமணத்தின்போது கறுப்பு அங்கி அணிந்து, சிவப்புப் பட்டுக் கச்சை கட்டி, அதில் 'பீச்சே கத்தி' என்ற அழகான சிறு கத்தியைச் செருகிக்கொள்கிறார்கள். இன்றும் அது நடக்கிறது. அவர்கள் கத்திக்குச் சடங்கில் ஓர் இடம் கிடைத்தது, பிழைத்துக்கொண்டது. நம் மடக்கெழுத்தாணிக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை.

காகிதம் வந்தது. அச்சு வந்தது. சிலேட்டும் பென்சிலும் வந்தன. ஓலை போனது. ஏடுகளைச் சிலர் ஆற்றில் விட்டார்கள், சிலர் தீயில் இட்டார்கள். நல்லவேளையாக, மீதியைத் தேடிக் காப்பாற்ற ஆள் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் காக்கப்படும் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11 ஆயிரம். யுனெஸ்கோ 2005-இல் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சென்னை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது.

ஏட்டைத் தேடினார்கள், சரி. அதை எழுதிய கருவியை யார் தேடினார்கள்? 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' என்று தெருவில் ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குத்தான் பல எழுத்தாணிகள் போயிருக்கும். துருப்பிடித்த, திறக்காத ஒரு கத்தி என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். எடைக்குப் போட்டால் ஒரு கைப்பிடி பழம். பழம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது!

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தபால்தலை, நாணயம் சேர்ப்பவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணை, பழைய டிரங்குப் பெட்டியை, தாத்தாவின் மேசை இழுப்பறையைப் பெரியவர்கள் துணையோடு பாருங்கள். மடக்குக் கத்தி, பாக்குவெட்டி, எழுத்தாணி எது கிடைத்தாலும் சரி. நீங்களாகத் திறக்காதீர்கள். அப்பாவோ, மாமாவோ திறந்து காட்டட்டும். கத்திக்கு எதிரே இன்னொரு முனை மடங்கிக் கிடந்தால், அது கூராக ஆணிபோல இருந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்!

கிடைத்ததைப் பளபளவென்று ஆக்குகிறேன் என்று உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். புளி போட்டுப் பித்தளையைத் துலக்காதீர்கள். அந்தக் கறுப்பும் தேய்மானமும்தான் அதன் வயதுச் சான்றிதழ். உலர்ந்த துணியால் துடைத்து, இரும்புப் பகுதியில் மெல்லியதாகத் தையல் இயந்திர எண்ணெய் தடவினால் போதும். ஈரக்காற்று வீசும் எங்கள் கடற்கரை ஊர்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். ஓர் அட்டையில் 'யாருடையது, எந்த ஊர், எதற்குப் பயன்படுத்தினார்' என்று எழுதி அதோடு கட்டிவையுங்கள். பாட்டிக்குத் தெரிந்த கதையை இன்றே கேட்டு எழுதிவிடுங்கள். கதை இல்லாத கத்தி வெறும் இரும்புதான். தந்தப் பிடி போட்டது எங்காவது விலைக்கு வந்தால் வாங்க வேண்டாம். யானைத் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

நண்பர்களுக்குக் காட்டும் ஆசை வரும். வாத்தியாராகச் சொல்கிறேன், பள்ளிக்கூடப் பைக்குள் எந்தக் கத்தியும் போகக் கூடாது, தாத்தாவின் தாத்தா கத்தியானாலும் சரி. கண்காட்சி வைக்கும்போது தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, அப்பா கையில் கொடுத்து அனுப்புங்கள்.

எழுத்தாணி கிடைக்காதவர்களும் ஓலையில் எழுதலாம், கத்தியே வேண்டாம். நுங்கு விற்பவரிடம் ஒரு குருத்தோலை கேளுங்கள். பெரியவர்களை ஒரு துண்டு நறுக்கித் தரச் சொல்லுங்கள். அதைக் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்து, சில நாள் நிழலில் உலரவிடுங்கள். எழுதித் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அதில் உங்கள் பெயரை அழுத்தி எழுதுங்கள். அடுப்புக்கரித் தூளில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தடவி, துணியால் துடையுங்கள். ஓலையின் நரம்பு ஓடும் திசையிலேயே நேர்கோடு இழுத்தால் கிழிந்துவிடும், வளைத்து எழுதினால் தப்பிக்கும். உங்கள் பெயரில் புள்ளி வைத்த எழுத்து வருகிறதா? அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக!