மழையில் மோடம் என்ன சொல்கிறது?

பிற்பகல் மூன்று மணிக்குக் குளுவாங்கிலோ ஸ்கூடாயிலோ வானம் கறுத்து இடி இறங்கத் தொடங்கினால், சற்று நேரத்தில் ஆஸ்ட்ரோ படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நமக்கு இது பழகிப்போன காட்சி. நாடகம் போனால் மறுஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கேபிள் வராத தோட்டத்து மருந்தகமோ, உட்புறத்துப் பள்ளியோ, மெர்சிங் பக்கத்துத் தங்கும் விடுதியோ இணையத்துக்கும் இதேபோன்ற டிஷ்ஷைத்தான் நம்பியிருக்கிறது என்றால், விஷயம் வேறு.

அப்படிப்பட்ட இணைப்பில், டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் ஒரு சிறு பெட்டிக்குள் போகும். அதுதான் செயற்கைக்கோள் மோடம். அதன் நிலைப் பக்கத்தைக் கணினியில் திறந்தால் எஸ்.என்.ஆர்., மோட்கோட், சிம்பல் ரேட், லேட்டன்சி என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். இணைப்பு மெதுவானதும் சேவை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள். “மழைங்க” என்று பதில் வரும். மழை இல்லாத நாளிலும் சில வேளை அதே பதில்தான் வரும். அது மெய்தானா என்று கண்டுபிடிக்க அந்தப் பட்டியலில் நாலைந்து சொற்கள் புரிந்தால் போதும்.

முதலில் மோடம் என்ற பெயர். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் தலைகளை ஒட்டிச் செய்த பெயர் அது. தமிழில் பண்பேற்றி, பண்பிறக்கி என்பார்கள். வெறும் ரேடியோ அலை எந்தச் செய்தியையும் சுமக்காது. அதன் வீச்சையோ கட்டத்தையோ குறிப்பிட்ட விதத்தில் மாற்றினால்தான் செய்தி ஏறும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிம்பல், அதாவது ஒரு குறி. விநாடிக்கு எத்தனை குறிகள் என்பதுதான் சிம்பல் ரேட். இந்த எண் இணைய வேகம் அல்ல. ஒரு குறியில் எத்தனை பிட்டுகளை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே சிம்பல் ரேட்டில் வேகம் பல மடங்கு மாறும்.

சாலைக்கு எதிர்ப்புறத்தில் ஒருவர் பெரிய கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு உங்களுக்குச் சைகை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கே திசைகள் என்றால் தூறலிலும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு சைகைக்கும் இரண்டு பிட்டுகள் கிடைக்கும். இதுதான் கியூ.பி.எஸ்.கே. திசைகளைக் கூட்டி, முள்ளின் நீளத்தையும் மாற்றி, 32 விதமான நிலைகள் வைத்தால் ஒரு சைகைக்கு ஐந்து பிட்டுகள். இது 32ஏ.பி.எஸ்.கே. ஆனால் பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. கண்ணாடி போன்ற வானம் இருந்தால்தான் பிரித்தறிய முடியும்.

இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. தொலைபேசியில் வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லும்போது இரண்டு முறை சொல்லி, கூட்டுத்தொகையையும் சொன்னால், இடையில் ஓர் இலக்கம் விழுந்தாலும் எதிர்முனை சரிசெய்துகொள்ளும். மோடமும் தரவோடு உபரி பிட்டுகளைச் சேர்த்தே அனுப்பும். எஃப்.இ.சி. என்று பட்டியலில் இருப்பது இந்த முன்கூட்டிய பிழைத்திருத்தம்தான். பக்கத்தில் 9/10 என்று இருந்தால் பத்துப் பிட்டுகளில் ஒன்பது உங்களுடைய தரவு. 1/4 என்று இருந்தால் நான்கில் ஒன்றுதான் உங்களுடையது, மற்ற மூன்றும் காப்பு.

பண்பேற்றத்தையும் இந்தப் பின்னத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் மோட்கோட். 2005-இல் தரமாக வெளியான டி.வி.பி.-எஸ்2 முறையில் 28 மோட்கோட்கள் இருக்கின்றன. அடிப்படியில் கியூ.பி.எஸ்.கே. 1/4, உச்சியில் 32ஏ.பி.எஸ்.கே. 9/10. விநாடிக்கு ஒரு கோடிக் குறிகள் அனுப்பும் அலை ஒன்று உச்சிப்படியில் நின்றால் சுமார் 44 மெகாபிட் கிடைக்கும். அதே அலை அடிப்படிக்கு இறங்கினால் 5 மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. டிஷ் அதேதான், செயற்கைக்கோளும் அதேதான். வேகம் மட்டும் ஒன்பதில் ஒரு பங்கு.

எந்தப் படியில் நிற்பது என்று தீர்மானிப்பது எஸ்.என்.ஆர். சில மோடங்களில் இதன் நெருங்கிய உறவான ஈ.எஸ்./என்.ஓ. என்ற பெயர் இருக்கும். இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னல் எவ்வளவு பலம் என்பதை இந்த எண் டெசிபலில் காட்டுகிறது. டெசிபல் கணக்கு எளிது: 3 குறைந்தால் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. உச்சிப்படிக்குச் சுமார் 16 டெசிபல் வேண்டும். அடிப்படிக்கு மைனஸ் 2.35 போதும். மைனஸ் என்றால் சிக்னலைவிட இரைச்சல் பெரிது என்று பொருள். இரைச்சலுக்குக் கீழே புதைந்து கிடக்கும் செய்தியையும் காப்புப் பிட்டுகளை வைத்துத் தோண்டி எடுத்துவிட முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த எண் இது.

ஆக மொத்த ஏணியின் உயரம் சுமார் 18 டெசிபல். மழை வரும்போது மோடம் மைய நிலையத்துக்குத் தன் எஸ்.என்.ஆர். எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மையம் ஒவ்வொரு படியாக இறக்கும், மழை விட்டதும் ஏற்றும். ஏ.சி.எம். என்று இதைச் சுருக்கமாக எழுதுவார்கள். ஆஸ்ட்ரோ ஒளிபரப்புக்கு இந்த வசதி இல்லை. ஒரே அலையை நாடு முழுவதும் பார்ப்பதால் உங்கள் வீட்டுக் கூரைமேல் பெய்யும் மழைக்காக மட்டும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் படம் ஒன்று நன்றாக இருக்கும், இல்லை ஒரேயடியாகப் போய்விடும்.

நம்மூர் மழை இந்த ஏணியில் எவ்வளவு தூரம் இறக்கும்? அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் முன்பு வெளியிட்ட மழை மண்டல வரைபடத்தில் மலேசியா ‘பி’ மண்டலத்தில் இருந்தது. ஆண்டின் 0.01 விழுக்காட்டு நேரம், அதாவது ஏறக்குறைய 53 நிமிடம், மணிக்கு 145 மில்லிமீட்டரையும் தாண்டிய வேகத்தில் மழை கொட்டும் என்பது அதன் பொருள். அந்த வரைபடத்தில் இதைவிடக் கடுமையான மண்டலம் கிடையாது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மழை ரேடியோ அலையை எவ்வளவு விழுங்குகிறது என்பதை நீண்டகாலமாக அளந்துவருவதற்குக் காரணம் இதுதான். குளிர்நாட்டு மழையை வைத்து எழுதிய சூத்திரங்களை இங்கே அப்படியே நம்ப முடியாது.

மழை விழுங்கும் அளவு அலைவரிசையைப் பொறுத்தது. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில், சி பட்டையின் 4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூட இழப்பதில்லை. ஆஸ்ட்ரோ பயன்படுத்தும் கே.யூ. பட்டையில், 12 கிகாஹெர்ட்ஸ் வாக்கில், சுமார் 5.5 டெசிபல் போகும். புதிய அகன்ற அலைவரிசைச் சேவைகள் நாடும் கே.ஏ. பட்டையில், 20 கிகாஹெர்ட்ஸில், சுமார் 12 டெசிபல். கனமழையின் மையப் பகுதி அலையின் பாதையில் இரண்டு கிலோமீட்டர் மட்டும் குறுக்கே நின்றாலே கே.யூ. அலைக்கு 11, கே.ஏ. அலைக்கு 24 டெசிபல் நட்டம். 11 என்றால் ஏணியில் இறங்கிச் சமாளிக்கலாம். 24-க்கு ஏணியே போதாது. இதோடு மழைத்துளிகள் தாமும் வெப்ப இரைச்சலை உமிழ்வதால், சிக்னல் குறைகிற அதே நேரத்தில் இரைச்சலும் கூடும்.

நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. 91.5 பாகை கிழக்கில் நிற்கும் மீசாட் செயற்கைக்கோள்கள் ஜொகூர் பாருவிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே சுமார் 75 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கின்றன. அதனால் அலை மழைப் படலத்தைச் சாய்வாக நீண்ட தூரம் கடக்காமல் நேராக ஊடுருவி இறங்குகிறது. (உங்கள் வீட்டு டிஷ் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது. அதன் கிண்ணம் ஒருபக்கமாக வெட்டிய வடிவம். அது பார்ப்பதுபோலத் தோன்றும் திசை வேறு, உண்மையில் பார்க்கும் திசை வேறு.)

இப்போது வெள்ள காலத்துக்கு வருவோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது நினைவிருக்கும். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பக்கம் ஆயிரக்கணக்கானோர் துயர்துடைப்பு மையங்களில் இருந்தனர். அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்தால், வெளியுலகத் தொடர்புக்கு மிஞ்சுவது டிஷ்தான். அந்த நேரம் பார்த்து மழையே அதைக் கெடுத்துவிடாதா என்று கேட்பது நியாயம்தான்.

அதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. மோடத்துக்கு ஒரு நாளில் எவ்வளவு மழை என்பது முக்கியமில்லை. இந்த நிமிடத்தில் எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதே முக்கியம். 24 மணி நேரத்தில் 240 மில்லிமீட்டர் பெய்தால் ஊரே மூழ்கலாம். ஆனால் அது சீராகப் பெய்தால் மணிக்கு 10 மில்லிமீட்டர்தான். அந்த வேகத்தில் கே.யூ. அலை ஐந்து கிலோமீட்டர் மழையைக் கடந்தாலும் இழப்பது 2 டெசிபலுக்குள். கே.ஏ. அலை சுமார் 5 டெசிபல். ஏணியில் சில படிகள்தான் இறங்கும். அவ்வளவு சீராக மழை பெய்வதில்லை, இடையிடையே வேகமெடுக்கும். அப்போது இணைப்பு சிறிது நேரம் அறுந்து திரும்பும். வடகிழக்குப் பருவமழையின் நீண்ட அடைமழையைவிட, அரை மணி நேரம் அடித்து ஓயும் பிற்பகல் இடிமழைதான் மோடத்துக்குப் பெரிய எதிரி. வெள்ள நாளில் இணைப்பு மணிக்கணக்கில் செத்துக் கிடந்தால் மழையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மின்சாரம், சாய்ந்த டிஷ், கேபிள் முனையில் புகுந்த தண்ணீர் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

தண்ணீர் புகுந்த கேபிளை எண்களே காட்டிக்கொடுக்கும். மழையால் விழுந்த எஸ்.என்.ஆர். மழை விட்ட சில நிமிடங்களில் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் வெயிலிலும் 3 டெசிபல் குறைவாகவே நின்றால் இணைப்பியில் ஈரமோ, காற்றில் நகர்ந்த டிஷ்ஷோதான் காரணம்.

லேட்டன்சி என்பது தாமதம். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. உங்கள் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கக் கால் விநாடி, பதில் வர இன்னொரு கால் விநாடி. ஒளியின் வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது. ஆகவே 600 மில்லிவிநாடி என்று காட்டினால் அது பழுதல்ல. 2023 ஜூலையில் மலேசியாவில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துவதால் அங்கே தாமதம் மிகக் குறைவு. மழை தாமதத்தைப் பெரிதாக மாற்றாது. 600 இருந்த இடத்தில் 2000 என்று காட்டினால் எங்கோ வரிசை நீண்டுவிட்டது.

அந்த வரிசைக்கும் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது மோடத்தின் பக்கத்தில் இருக்காது, ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும்: கன்டென்ஷன் ரேஷியோ. 20:1 என்றால் ஒரே அளவு வேகத்தை இருபது பேருக்கு விற்றிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை என்பதால் இது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் இரவு எட்டு மணிக்கு வானம் தெளிவாக, எஸ்.என்.ஆரும் மோட்கோடும் அப்படியே இருக்க, வேகம் மட்டும் ஊர்ந்தால் அதற்குக் காரணம் நெரிசல். “மழைங்க” என்ற பதிலை அப்போது ஏற்க வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் சேவையின் மைய நிலையம் இருக்கும் ஊரில் மழை கொட்டினால், உங்கள் ஊரில் வெயில் அடித்தாலும் இணைப்பு தடுமாறலாம். மீசாட்டின் தரை நிலையம் சைபர்ஜெயாவில் இருக்கிறது. அங்கேயும் நம்மைப்போலத்தான் மழை.

ஒப்பந்தத்தில் இன்னொரு சொல், அவைலபிலிட்டி. 99.5 விழுக்காடு என்று பார்க்க அழகாக இருக்கும். மீதி அரை விழுக்காடு ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம். நம் பகுதியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆகவே அந்த 44 மணி நேரத்தில் பெரும்பங்கு நீங்கள் தூங்கும்போது வராது, பள்ளியும் கடையும் திறந்திருக்கும்போதுதான் வரும்.

2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட்டில் போன மீசாட்-3டி, கேபிள் எட்டாத இடங்களுக்கு விநாடிக்கு 100 மெகாபிட் வரை தரும் நோக்கில் செய்யப்பட்டது. அதில் கே.ஏ. பட்டைக்கும் மேலே, க்யூ/வி என்ற உயர் பட்டையில் ஒரு சோதனைக் கருவியும் இருக்கிறது. வெப்பமண்டல மழை அந்த அலையை என்ன செய்கிறது என்று அளப்பதே அதன் வேலை.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ செயற்கைக்கோள் மோடம் இருந்தால், நவம்பர் மழை தொடங்குமுன் ஒரு தெளிவான காலையில் அதன் நிலைப் பக்கத்தைத் திறந்து எஸ்.என்.ஆர்., மோட்கோட், லேட்டன்சி மூன்றையும் தேதியோடு எழுதி, மோடத்தின் முதுகிலேயே ஒட்டிவையுங்கள். பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.