காற்றைப் பிடுங்கினால்தான் வண்டி ஓடும்!

பள்ளிக்கூடத்தில் நிறுத்தியிருந்த உங்கள் சைக்கிளில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? கோபம் வரும் அல்லவா? 'எவன்டா அது?' என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். காற்றில்லாத சைக்கிளை வீடு வரை தள்ளிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று தள்ளியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு நாட்டில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குகிறார்கள். நான்கு சக்கரங்களிலும் இருக்கும் காற்றைத் தாங்களே பிடுங்கி விடுகிறார்கள். டயர் சப்பையான பிறகு, சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்புகிறார்கள்!

இது என்ன கூத்து என்கிறீர்களா? வாருங்கள், அந்த நாட்டுக்கே போய்ப் பார்ப்போம்.

பனிக்கட்டித் தீவு

அந்த நாட்டின் பெயர் ஐஸ்லாந்து. வட அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் தீவு. பரப்பளவு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் மக்கள் தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு! பெரும்பாலானவர்கள் கடற்கரை ஓரமாகவே வசிக்கிறார்கள். நாட்டின் நடுப்பகுதி, ஆள் நடமாட்டமே இல்லாத மலைப்பிரதேசம்.

நாட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பனியாறுகள் மூடியிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது வாட்னாயோகுல். அந்த ஒரு பனியாறு மட்டுமே நம் சென்னை மாநகராட்சியைப் போல 18 மடங்கு பெரியது.

நடுப்பகுதிக்குச் செல்லும் மலைப்பாதைகள் கோடைக்காலத்தில் மட்டும்தான் திறந்திருக்கும். அப்போதும் பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது; தண்ணீரில் இறங்கித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். எங்கு பார்த்தாலும் பனி. சாதாரணக் கார் அங்கே போனால் நான்கு அடிகூட நகராது.

ஜீப் வந்த கதை

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் பிரிட்டன் படைகள் ஐஸ்லாந்தில் இறங்கின. அடுத்த ஆண்டு அமெரிக்கப் படைகள் வந்தன. அவர்களோடு வில்லிஸ் ஜீப்புகளும் வந்தன. நம் ஊர் மலைப்பாதைகளில் தாத்தா காலத்தில் ஓடியதே, அதே குடும்பத்து ஜீப்தான்! போருக்குப் பிறகு ஐஸ்லாந்து விவசாயிகளும் ஜீப் ஓட்ட ஆரம்பித்தார்கள். இப்போதும் அந்த ஊர் மொழியில் ஜீப்பை 'யெப்பி' என்றே சொல்கிறார்கள்.

ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும். அதனால் சேற்றிலும் மேட்டிலும் ஏறிவிடும். ஆனால் ஆழமான பனியில்? அங்கே ஜீப்பும் புதைந்துதான் போனது. ஜீப் பிரியர்கள் சிலர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கொட்டகையிலேயே வண்டியைப் பிரித்துப் பிரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1983-ல் அப்படிப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து, நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களுக்கென்றே ஒரு பயணக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் கண்டுபிடித்த வித்தை அடுத்தவருக்குப் போனது. அப்படித்தான் பெரிய சக்கரமும், காற்றைப் பிடுங்கும் வித்தையும் நாடு முழுக்கப் பரவின.

ஏன் காற்றைப் பிடுங்க வேண்டும்?

நடவுக்குத் தயாரான வயலில் இறங்கியிருக்கிறீர்களா? கால் சேற்றில் புதைந்துவிடும். அங்கேயே ஒரு அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால்? அவ்வளவாகப் புதையாது. உங்கள் எடை குறையவில்லை. ஆனால் அதே எடை அதிக இடத்தில் பரவிவிட்டது. சேற்று உழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் என்ற அகலமான இரும்புச் சக்கரத்தை மாட்டுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜீப்பின் எடை 2,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. அதாவது சுமார் 1,320 பவுண்டு. தார்ச்சாலையில் ஓடும்போது டயருக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருக்கும். 1,320-ஐ 30-ஆல் வகுத்தால் 44. ஆக, டயர் தரையைத் தொடும் இடம் 44 சதுர அங்குலம்தான். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தின் அளவு!

பனியில் இறங்கும்போது காற்றைப் பிடுங்கி, அழுத்தத்தை 3 பவுண்டு வரைக்கும்கூடக் குறைக்கிறார்கள். 1,320-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். 440 சதுர அங்குலம்! பத்து நோட்டுகளைப் பரப்பி வைத்த மாதிரி. டயரின் ரப்பர் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால், கணக்கு சற்று முன்னே பின்னே இருக்கலாம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஊன்றும் ஒற்றைக் காலில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 5 பவுண்டு அழுத்தம் விழும். அப்படியானால் பாருங்கள்! நடந்து போகும் மனிதரின் கால் புதைகிற பனியில், இரண்டு டன் ஜீப் புதையாமல் போய்விடும்!

சக்கரம் பெரிதானால் வேலையும் பெரிது

ஆனால் சாதாரண டயரில் காற்றை இவ்வளவு குறைத்தால் அது கிழிந்துவிடும். அதனால்தான் 38 அங்குலம், 44 அங்குலம் உயரமுள்ள ராட்சத டயர்களைப் போடுகிறார்கள். 38 அங்குல டயரை நிறுத்தி வைத்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரத்துக்கு வரும்.

'டயரை வாங்கி மாட்டினால் முடிந்ததே' என்று நினைக்காதீர்கள். முதலில், அந்த டயர் வண்டிக்குள் நுழையவே நுழையாது. மட்கார்டை ரம்பத்தால் அறுத்து, அகலமான புது மட்கார்டு பொருத்த வேண்டும். சில வண்டிகளில் பின் அச்சையே கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள்.

அடுத்து கியர். பெரிய சக்கரத்தைச் சுற்றுவது எஞ்சினுக்குக் கஷ்டம். மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது நீங்கள் கியரை மாற்றுவீர்களே, அதைப்போல அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றிப் போட வேண்டும்.

மூன்றாவது, டிஃபரென்ஷியல் பூட்டு. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு உதவுவதுதான் டிஃபரென்ஷியல். ஆனால் பனியில் அதுவே எதிரியாகிவிடும். ஒரு சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வீணாகச் சுற்றும், மற்றது அசையாது. பூட்டைப் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? பெரிய சக்கரம் போட்டால் வேகமானி பொய் சொல்லும்! 30 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 38 அங்குலம் மாட்டினால், முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 76 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால் வேகமானியையும் சரிசெய்ய வேண்டும். இப்படி மாற்றிய வண்டிகளைத் தனியாகச் சோதித்து அனுமதி கொடுத்த பிறகுதான் சாலையில் ஓட்டலாம். ஆசைப்பட்டதையெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது!

மோர் நிறத்தில் எண்ணெய்

இவ்வளவு வேலையையும் ஒருவரே செய்ய முடியுமா? முடியாது. ஒருவருக்கு வெல்டிங் தெரியும். இன்னொருவருக்கு வயரிங் தெரியும். மற்றொருவர் கியர்ப் பெட்டியைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரர். இன்று உன் வண்டி, நாளை என் வண்டி என்று கொட்டகையில் கூடி வேலை செய்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டார்ச் பிடிப்பது. கற்றுக்கொள்வது இப்படித்தானே!

வண்டியை மாற்றிக் கட்டுவது பாதி வேலைதான். பராமரிப்புதான் மீதிப் பாதி. ஓர் உதாரணம் சொல்லட்டுமா? ஓடிச் சூடான ஜீப், பனி உருகி ஓடும் ஆற்றில் இறங்குகிறது. அச்சுப்பெட்டி சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அப்போது அது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். தண்ணீர் கலந்த எண்ணெய் மோரைப் போல வெளுத்துவிடும். கவனிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் தேய்ந்து கெட்டுப்போகும்.

இதைத் தடுக்க, அச்சுப்பெட்டியில் ஒரு சின்ன ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். அச்சு அதன் வழியாக மூச்சு விடும்! அப்படியும் ஆற்றைக் கடந்துவிட்டு வந்தால் எண்ணெயைத் திறந்து பார்ப்பார்கள். கனமான சக்கரத்தால் பேரிங் சீக்கிரம் தேயும் என்பதால், சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள். போல்ட்டுகளை முடுக்குவார்கள். பேட்டரியைச் சோதிப்பார்கள்.

அந்த ஜனவரி இரவு

எதற்காக இவ்வளவு பாடு? ஜாலியாகச் சுற்றத்தானே என்று கேட்கலாம். ஜாலியும் உண்டு. ஆனால் அது மட்டுமல்ல.

ஐஸ்லாந்துக்குச் சொந்தமாக ராணுவம் கிடையாது. மலையிலோ பனியிலோ யாராவது மாட்டிக்கொண்டால் ஓடி வருபவர்கள், லாண்ட்ஸ்பியார்க் என்ற அமைப்பைச் சேர்ந்த மீட்புக் குழுவினர். அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வத் தொண்டர்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர், மாணவர் என்று எல்லோரும் இருப்பார்கள். செலவுக்குப் பணம்? புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுச் சேர்க்கிறார்கள்! மக்களும் அவர்களிடம் தேடிப் போய்ப் பட்டாசு வாங்குகிறார்கள். அந்தக் குழுக்களிடம் இருப்பவையும் இதே பெரிய சக்கர ஜீப்புகள்தான்.

2020 ஜனவரி 7-ம் தேதி. லாங்யோகுல் என்ற பனியாற்றின் அருகே, பனி ஸ்கூட்டரில் சுற்றிப் பார்க்கப் போன 39 சுற்றுலாப் பயணிகள் கடும் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இருட்டு, குளிர், பேய்க்காற்று. முன்னால் நிற்பவர்கூடத் தெரியாத அளவுக்குப் பனி.

அழைப்பு போனதும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் கிளம்பினார்கள். பெரிய சக்கர ஜீப்புகளும், பனியில் ஊரும் பட்டைச் சக்கர வண்டிகளும் இருட்டில் மெதுவாக முன்னேறின. நள்ளிரவு தாண்டியும் வேலை நடந்தது. கடைசியில் 39 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்!

யோசித்துப் பாருங்கள். அன்று மாலை அழைப்பு வந்த பிறகு எண்ணெய் மாற்ற நேரம் இருந்திருக்குமா? பேட்டரியைச் சோதிக்க நேரம் இருந்திருக்குமா? அழைப்பு வரும் இரவில் வண்டி உடனே கிளம்ப வேண்டுமானால், அழைப்பு வராத நாட்களில் அதைக் கவனித்திருக்க வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் நண்பர்கள் கவனிக்க!

தனியே போகாதே, தடம் பதிக்காதே

இந்த ஜீப் பிரியர்களுக்கு இரண்டு முக்கியமான விதிகள் உண்டு.

முதல் விதி: பனியில் ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது. ஒரு வண்டி புதைந்தால் இன்னொன்று கயிறு கட்டி இழுக்கும். அந்தக் கயிறு ரப்பர் மாதிரி சற்று நீளும் நைலான் கயிறு. அதனால் இழுக்கும்போது வெடுக்கென்று அடிபடாது. திரும்பி வந்து தார்ச்சாலையைத் தொட்டதும், கம்ப்ரஸரை இயக்கி மறுபடி காற்றடித்துக்கொள்வார்கள். சப்பை டயரோடு வேகமாக ஓடினால் டயர் சூடாகி வெடித்துவிடுமே!

இரண்டாவது விதி, சட்டமே சொல்வது. நிலம் உறைந்து அதன்மேல் பனி மூடியிருந்தால் மட்டுமே பாதையை விட்டு இறங்கலாம். பனியாற்றின் மேலும் ஓட்டலாம். மற்ற நேரங்களில் பாதையை விட்டு ஓரடி விலகினாலும் குற்றம், அபராதம் உண்டு. ஏன் தெரியுமா? அந்தக் குளிர்நாட்டில் பாசி மிக மெதுவாக வளரும். ஒரு டயர் பாசியைக் கிழித்துவிட்டால், அந்தக் காயம் ஆற பல பத்தாண்டுகள் ஆகும். பனியில் பதிந்த தடமோ அடுத்த பனிப்பொழிவில் மறைந்துவிடும். எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய வண்டியை வைத்திருப்பவர்தான், எங்கே போகக் கூடாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என்ன நண்பர்களே, உங்களிடம் ஜீப் இல்லையே என்று ஏங்குகிறீர்களா? சைக்கிள் இருக்கிறதே! வரும் ஞாயிற்றுக்கிழமை தெரு நண்பர்களைக் கூப்பிடுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டையைப் பாருங்கள். சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். தெரியாததைப் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். என்றைக்காவது அவசரமாக யாருக்காவது மருந்து வாங்க ஓட வேண்டியிருந்தால், உங்கள் சைக்கிள் தயாராக இருக்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தார்ச்சாலையில் காற்று நிறைய வேண்டும். அடுத்தவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு, 'ஐஸ்லாந்தில் இப்படித்தான்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது!

செய்து பாருங்கள்: ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்புங்கள். ஊதிய பலூன் ஒன்றை அதன்மேல் லேசாக அழுத்தி எடுங்கள். தடத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பலூனில் பாதிக் காற்றை விட்டுவிட்டு, அதே அளவு அழுத்துங்கள். எந்தத் தடம் அகலம்? எது ஆழம்? நோட்டில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.